பிள்ளைகளின் இயல்பான முகபாவம்: திருகோணமலையில் படமெடுத்த அனுபவங்கள்

பிள்ளைகளைப் படமெடுக்கப் போகும் இடங்களில் நான் பெற்றோரிடம் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: "இஞ்ச பார், வடிவாச் சிரி" என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். பிறந்தநாள், ஏடு தொடக்கல், கோயில் திருவிழா, விடுமுறை உலா என்று பல ஆண்டுகளாகத் திருகோணமலையில் பிள்ளைகளைப் படமெடுத்து வந்ததில், ஒரு பிள்ளையின் முகத்தை நொடிப்பொழுதில் இறுக வைப்பதில் இந்த வாக்கியத்துக்கு நிகரானது வேறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேட்டு வாங்கிய சிரிப்பு படத்தில் ஏன் ஒட்டாமல் நிற்கிறது என்பதற்கு உடற்கூற்றிலேயே விடை உண்டு. உதட்டோரங்களை மேலே இழுக்கும் தசையை நாம் விரும்பியபோது இயக்கிவிடலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ, உள்ளத்தில் மகிழ்ச்சி எழும்போதுதான் பெரும்பாலும் தானாகச் சுருங்குகிறது. பிரெஞ்சு மருத்துவரான துஷேன், முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டி எடுத்த ஒளிப்படங்களுடன் 1862இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறார். ஆகவே பல் தெரியச் சிரித்தும் கண்கள் வெறித்திருக்கும் படத்தைக் காட்டி, பிள்ளைக்குப் படத்துக்கு நிற்கத் தெரியவில்லை என்று குறைசொல்வதில் நியாயமில்லை. நாம் கேட்டதை, தன்னால் இயன்ற அளவுக்கு, அந்தப் பிள்ளை கொடுத்திருக்கிறது.

பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில், ஒரு குடும்பத்தைப் படமெடுத்த காலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெளிநாட்டில் பிறந்து, விடுமுறைக்கு அம்மம்மாவிடம் வந்திருந்த நான்கு வயதுச் சிறுமி, என்னைக் கண்டதும் அம்மம்மாவின் சேலைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தாய் கெஞ்சினார்; தந்தை ரொபி வாங்கித் தருவதாகச் சொன்னார்; அம்மம்மாவும் தன் பங்குக்கு, "மாமாவுக்கு ஒருக்காச் சிரிச்சுக் காட்டு, குஞ்சு" என்றார். ஒவ்வொரு குரலுக்கும் அவள் இன்னும் உள்ளே போனாள். நான் கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, அவளைப் பார்க்காமலே, மரநிழலில் படுத்திருந்த புள்ளிமான்களின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சற்று நேரம் கழித்து, சிறுமிக்கும் கேட்கும்படியாக அம்மம்மாவிடம், "அம்மா, அந்தக் குட்டியின்ர முதுகில எத்தனை புள்ளி இருக்கும்?" என்று கேட்டேன்.

சேலைக்குள்ளிருந்து முதலில் ஒரு கண்தான் வெளியே வந்தது. அம்மம்மா என் நோக்கத்தைப் புரிந்துகொண்டு, வேண்டுமென்றே பிழையாக எண்ணத் தொடங்கினார். பிழையைத் திருத்தாமல் சிறுமியால் இருக்க முடியவில்லை. அவள் முன்னே வந்து, விரல் நீட்டி, தமிழும் ஆங்கிலமும் கலந்து எண்ணிக்கொண்டிருந்தபோது நான் எட்டத்தில் முழந்தாளிட்டு, என் கண்ணும் அவள் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும்படி அமர்ந்திருந்தேன். மான்குட்டி திடீரென்று காதை ஆட்டியதும் எண்ணிக்கையை அப்படியே விட்டுவிட்டு, வாய் திறந்த வியப்போடு அவள் அம்மம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைய படங்களுள் அந்தக் குடும்பம் பெரிதாக்கிச் சட்டமிட்டுக்கொண்டது அந்தப் படத்தைத்தான். பிள்ளை கமராவைப் பார்க்கவில்லையே என்று தாய்க்கு முதலில் ஒரு குறை இருந்தது உண்மை. ஆனால் மானின் படத்தைக் காட்டும்படி சிறுமியே என்னிடம் வந்து நின்ற பிறகு, வில்லையை நேராகப் பார்க்கும் படமும் எவரும் கேட்காமலே கிடைத்தது. (கோட்டை மான்கள் ஆட்களுக்குப் பழகியவை என்றாலும் காட்டு விலங்குகள்தாம், கொம்புள்ள கலைமானின் அருகே பிள்ளையை நிறுத்திப் படமெடுப்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.)

எண்ணுவது, தேடுவது, தூக்கிக்கொண்டு போவது, யாருக்காவது எதையாவது கொடுப்பது என்று பிள்ளைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் நம் நினைப்பே அதற்கு இருக்காது. அதுவரை காத்திருக்கும் நேரத்தில் கமராவை ஆயத்தமாக வைத்திருப்பதுதான் நம்முடைய வேலை. டச்சு விரிகுடாக் கடற்கரையில் பந்தடிக்கும் பிள்ளைகளை எடுக்கும்போது மூடி வேகத்தை (கமராவின் ஷட்டர் திறந்து மூடும் வேகத்தை) 1/1000 நொடிக்கும், உட்கார்ந்து மணல்வீடு கட்டும் பிள்ளைக்கு 1/250 நொடிக்கும் குறையாமல் வைத்துக்கொள்கிறேன். வில்லையில் ஒளி புகும் துளையை எஃப் 2 வரை அகலத் திறந்து பின்னணியை முற்றாகக் கரைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஓரிடத்தில் நில்லாத பிள்ளை ஒரு சாண் முன்னே சாய்ந்தாலும் கண் தெளிவிழந்துவிடும் என்பதால் அதைவிடச் சிறிய துளையான எஃப் 4 எனக்கு உகந்ததாக இருக்கிறது. நம் கரை கிழக்கு நோக்கியது என்பதும் பெரிய வசதி: மாலையில் சூரியன் நகரத்தின் பின்னால் இறங்க, கண்கூசாத மெல்லிய வெளிச்சம் கரையில் நெடுநேரம் தங்குகிறது. முற்பகல் பத்து மணிக்குப் பிறகு வெட்டவெளியில் நிற்கும் பிள்ளை கண்ணைச் சுருக்கத்தான் செய்யும். நிலப்பக்கத்திலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில், காற்று முதுகில் படும்படி கடலைப் பார்த்து விளையாட விட்டால் கண்ணில் மணல் விழாது.

சிரிப்பு மட்டுமே நல்ல முகபாவம் என்ற எண்ணத்தை எனக்குள் மாற்றியது ஏடு தொடக்கல்தான். விஜயதசமியன்று பெரியவர் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் "அ" எழுதுவிக்கும் அந்தச் சில நிமிடங்களில், அழுகை, மிரட்சி, கவனம், பெருமிதம் எல்லாம் ஒரே முகத்தில் அடுத்தடுத்து வந்து போகின்றன. நாக்கு நுனியை உதட்டோரத்தில் கடித்தபடி விரலையே பார்த்துக்கொண்டிருக்கும் முகத்துக்கு ஈடான படத்தை எந்தச் சிரிப்பிலும் நான் எடுத்ததில்லை. அங்கே பிளாஷ் வேண்டாம். முதல் மின்னலிலேயே பிள்ளை அரிசியை மறந்துவிடும். சத்தமில்லாத மின்னணு மூடி நல்லதுதான், ஆனால் சில எல்ஈடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும் என்பதால், சடங்கு தொடங்குமுன் அந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்துப் பெருக்கிப் பார்த்துவிடுவது அவசியம்.

கைக்குழந்தைகள் பற்றிப் பலரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். முகம் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் சிரிப்புக்காகக் காத்திருந்து குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. எட்டு, ஒன்பது மாதமளவில் புதுமுகத்தைக் கண்டு அழுவது இயல்பான வளர்ச்சி. அந்த வயதில் தாயின் தோளுக்குப் பின்னால் நின்று எடுப்பதே இருவருக்கும் நல்லது.

கன்னியா வெந்நீரூற்றில் முதல் வாளி வெந்நீர் தலையில் விழும்போது பிள்ளைகள் காட்டும் முகம் மிக அழகானது. ஏழு கிணறுகளிலும் சூடு வேறுவேறு என்பதால் ஒவ்வொன்றிலும் அவர்கள் புதிதாகத் திகைப்பார்கள். ஆயினும் குளிக்கும் பிள்ளையின் படத்தைப் பெற்றோர் கேட்டு எடுத்தாலும், அதைக் குடும்பத்தாரிடம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், எங்கும் வெளியிடுவதில்லை. தெருவிலோ கடற்கரையிலோ தற்செயலாகக் காணும் பிள்ளையையும், கூட வந்த பெரியவரிடம் கேட்காமல் எடுப்பதில்லை. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் பிள்ளையின் அந்தரங்கத்தையும் பாதுகாக்கச் சொல்கிறது. இலங்கை 1991இலேயே அதை ஏற்றுக்கொண்டது. சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் திரையில் படத்தைக் காட்டி, "இது இருக்கட்டுமா?" என்றும் கேட்கிறேன். வேண்டாம் என்று தலையாட்டினால், அந்தப் படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், அவர்கள் கண்முன்னேயே அழித்துவிடுகிறேன். அப்படி அழித்த பிறகு அதே பிள்ளைகள் பெரும்பாலும் முன்பைவிடத் தயக்கமின்றி என் அருகில் விளையாடுகிறார்கள்.