பட்டறை வகுப்பும் காப்புக் கயிறும்

கேள்வி:
வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்தில் சாட்ஸ்வர்த் பகுதி. மகன் பத்தாம் வகுப்பில் மெக்கானிக்கல் டெக்னாலஜி, ஆட்டோமோட்டிவ் பிரிவு எடுத்திருக்கிறான். ஓவரால், பூட்ஸ், பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். தைப்பூசக் காவடிக்குக் கட்டிய காப்புக் கயிறு இன்னும் கையில் இருக்கிறது. அந்தக் கயிற்றோடு டிரில்லிங் மெஷின் பக்கம் வரக்கூடாது என்று ஆசிரியர் வெளியே நிறுத்திவிட்டார். கோயிலில் கட்டியதை எப்படி அறுப்பது? மனசு கேட்கவில்லை.

பதில் 1:
தங்கச்சி, ஆசிரியர் செய்தது சரி. முப்பது வருஷம் கராஜில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். சுற்றுகிற டிரில் ஒரு நூல் நுனியைப் பிடித்தால் போதும், கையையே இழுத்துக்கொள்ளும். அங்கே கையுறைகூட ஆகாது. மோதிரமும் வேண்டாம். ஒருமுறை என் மோதிரம் ஸ்பேனருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மாட்டி, கண் இமைக்கும் நேரத்தில் பழுக்கச் சுட்டுவிட்டது. விரலைச் சுற்றி அந்தத் தழும்பு இன்னும் வெள்ளையாகத் தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே, ஸ்டாண்டு வை என்றும் பையனிடம் சொல்லுங்கள்.

பதில் 2:
அக்கா, காவடி இறக்கியதும் காப்பை அவிழ்ப்பதுதானே எங்கள் வீட்டு வழக்கம்? பூசாரி ஐயாவிடம் கேளுங்கள். அப்புறம், பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பாடத்துக்குச் செய்முறை வேலைக்கே 25 சதவீத மதிப்பெண். இப்போதே வெளியே நின்று பழகக் கூடாது.

கேட்டவர்:
நன்றி அண்ணா, தங்கச்சி. வெள்ளிக்கிழமை கோயிலிலேயே அவிழ்த்துவிட்டோம். கயிறு முருகன் படத்தடியில் இருக்கிறது.