ஹம்: இரைச்சலிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு தமிழ்ச்சொல் தேவை

அனுப்பியவர்: மாலை வகுப்பு ஆசிரியர், கொருக்குப்பேட்டை

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் மாலை வகுப்பில் இந்த முறை பதினான்கு பிள்ளைகள் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் செய்து பழகுகிறார்கள். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, டயோடு நான்கு, 4700 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இரண்டு, டி.டி.ஏ. 2030 ஐ.சி. இரண்டு, அலுமினிய ஹீட் சிங்க், தகரப் பெட்டி, செட்டு அவ்வளவுதான். செய்து முடித்ததும் அவரவர் தெருவில் பெஞ்சு போட்டு, செட்டை வைத்துப் பாட்டுப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஏங்கிக் கொண்டிருக்கிறார்கள். அதற்குள் பாடக் கையேடு அவர்கள் கைக்குப் போக வேண்டும். வரும் சனிக்கிழமை அச்சகத்தில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆம்ப்ளிஃபயருக்குப் பெருக்கியா, மிகைப்பியா, இலங்கை வழக்கில் உள்ள விரியலாக்கியா என்ற பழைய வழக்கை நான் மறுபடியும் திறக்கவில்லை. ஒலிபெருக்கி என்றால் எங்கள் பகுதியில் ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் ஊற்றும்போது கம்பத்தில் கட்டும் கூம்புக் குழாய்தான். ஆகவே மிகைப்பி என்று எழுதிவிட்டேன். எனக்கு இப்போது வேண்டியது 'ஹம்' என்பதற்கு ஒரு சொல்.

காரணம் சொல்கிறேன். சென்ற ஆண்டுக் கையேட்டில், 'இரைச்சல் வந்தால் உள்ளீட்டுப் பகுதியையும் ஐ.சி.யையும் சோதிக்கவும்' என்று ஒரே வரியாக எழுதியிருந்தேன். ஒரு மாணவியின் செட்டில் பாட்டு இல்லாதபோதும் 'ங்கொய்' என்று ஓர் ஒலி விடாமல் வந்தது. அவள் என் வரியை நம்பி ஐ.சி.யை மூன்று முறை கழற்றி மாற்றினாள். மூன்றாம் முறை போர்டின் செப்புத் தடமே பெயர்ந்து ஈயத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிறகு நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மின்சாரத்தில் மிஞ்சும் அலையைச் சமன்செய்யும் ஃபில்டர் கண்டன்சரின் ஒரு காலைச் சுற்றி ஈயம் சாம்பல் பூத்து, மயிரிழை அளவுக்கு ஒரு வட்டம் விட்டிருந்தது. சூடு போதாமல் வைத்த பற்று. அதைத் தொட்டுச் சரிசெய்ததும் ஒலி நின்றது. அந்தப் பிள்ளை செலவழித்த காசுக்கும் கெட்டுப்போன போர்டுக்கும் என் ஒற்றைச் சொல்தான் காரணம். 'உஸ்' என்று வருவதையும் 'ங்கொய்' என்று வருவதையும் இரைச்சல் என்ற ஒரே பையில் நான் போட்டிருக்கக் கூடாது.

'உஸ்' என்பதற்கு இரைச்சல் இருக்கட்டும். மற்றதற்கு ஒரு சொல் தாருங்கள். கேட்ட பிள்ளைக்கு அந்த ஒலி காதில் விழ வேண்டும். 'ஹம் அடிக்கிறது' என்று கடையில் சொல்வது போல அது வினையாகவும் நடக்க வேண்டும்.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவொற்றியூர்

அன்புத் தம்பிக்கு வாழ்த்து. நீங்கள் கேட்ட வேறுபாட்டை நன்னூலார் முன்பே செய்து வைத்திருக்கிறார். உரியியலில் ஓசைப் பொருள் தரும் சொற்களை முழக்கு, இரட்டு, ஒலி, கலி, இசை, துவை, பிளிறு, இரை என்று அடுக்கிக்கொண்டு வருபவர், இமிழ், குளிறு, அதிர், குரை என்றும் தொடர்கிறார். இரையும் இமிழும் அங்கே தனித்தனிச் சொற்கள். இரை என்பதிலிருந்து உங்கள் இரைச்சல் வந்தது. இமிழ் என்பதை ஏன் சும்மா விட்டுவைக்க வேண்டும்? முல்லைப்பாட்டில் 'பாடு இமிழ் பனிக்கடல்' வருகிறது. புறநானூற்றில் முரசுக்கு 'இமிழ்குரல்' என்ற அடை வருகிறது. முதனிலைத் தொழிற்பெயராக 'இமிழ்' என்றே வைத்துக்கொள்ளலாம். செட்டு இமிழ்கிறது, இமிழ் நீக்கி, இமிழற்ற மிகைப்பி என்று எல்லா உருவங்களும் தடையின்றிப் பிறக்கும்.

வேரையும் பார்த்துவிடுவோம். வாயை மூடிக்கொண்டு மூக்கின் வழியே ஒலியை விட்டால் 'ம்' தான் வரும். இமிழ், இமிர், முரல், முனகு, ஊமை ஆகியவற்றில் எல்லாம் அந்த மகரம் நிற்பது தற்செயல் அன்று என்பது என் துணிபு. வண்டுக்கு ஞிமிறு என்று பெயர். அது எழுத்து நிலைமாறி மிஞிறு என்றும் வழங்கும் என்பது இலக்கணப்போலிக்கு நாம் வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டு. அந்த ஞிமிறுக்குள்ளும் இமிர் ஒளிந்திருக்கிறது. தமிழ் என்ற பெயரையே இமிழோடு இணைத்துப் பார்ப்பவர் உண்டு; அதை இங்கே நான் வலியுறுத்தவில்லை. ஆனால் இத்தனை சொற்கள் ஒரே வேரில் நிற்கும்போது 'ஹம்' என்று கடன் வாங்க என்ன முடை? ஹகரத்தை விலக்கி 'அம்' என்று எழுதினால் பொருள் இல்லை. 'கம்' என்று எழுதினால் அது கோந்து.

ரீங்காரம் என்று எவரேனும் தொடங்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது.

---

அனுப்பியவர்: ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்காரர், வண்ணாரப்பேட்டை

ஐயா அவர்களின் தமிழுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் கடைக்கு வருகிறவர் எவரும் 'இமிழ்கிறது' என்று சொல்லிக்கொண்டு செட்டைத் தூக்கி வரப் போவதில்லை. எல்.ஏ. 4440 போர்டானாலும் எஸ்.டி.கே. போர்டானாலும், காசிமேட்டிலிருந்து வருகிறவரும் எருக்கஞ்சேரியிலிருந்து வருகிறவரும் சொல்வது ஹம் என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லைக் கேட்ட உடனே என் கை வால்யூமுக்குப் போகிறது. வால்யூமை முழுக்கக் குறைத்தும் ஹம் மாறாமல் நின்றால் பழுது பவர் சப்ளை பக்கம். கூடவே குறைந்தால் பழுது வால்யூமுக்கு முன்னால், ஷீல்டு ஒயரிலோ எர்த்திலோ இருக்கும். வால்யூம் தண்டை விரலால் தொட்டவுடன் ஹம் அடங்கினால் அதன் உலோக உடலுக்கு எர்த் கொடுக்கவில்லை என்று பொருள். கடலோர வீடுகளில் உப்புக் காற்றில் ஜாக்குகள் பச்சை பூத்து எர்த் பிடிக்காமல் போவதும் உண்டு. சார் கையேட்டில் இவற்றை எழுத வேண்டும். இரண்டு செட்டை இணைத்தால் ஹம் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் கெட்ட பழக்கம் இருக்கிறது. பெட்டி தகரம் என்பதால் அது உயிருக்கு ஆபத்து என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறேன்.

தமிழ்ச்சொல் கட்டாயம் என்றால் 'உறுமல்' என்று போடுங்கள். 'பாக்ஸ் உறுமுதுண்ணே' என்று சில பெண்மணிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்த சொல் அல்ல அது.

---

அனுப்பியவர்: இயற்பியல் ஆசிரியை, பெரம்பூர்

ஐயா இமிழுக்குக் காட்டிய முதல் சான்றே எனக்கு இடறுகிறது. நான் பிறந்து வளர்ந்தது காசிமேட்டில். கடலின் ஒலியில் சுருதி இல்லை. அது எல்லா அதிர்வெண்களும் கலந்து வருவது. இந்த ஒலிகளில் அது 'உஸ்' என்பதற்கே உறவு. ஹம் அப்படியன்று. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் உள்ளீட்டு ஒயரில் ஏறினாலோ, எர்த் கம்பிகள் வளையமாகச் சுற்றிக்கொண்டாலோ அந்த 50 ஹெர்ட்ஸ் அப்படியே பாக்ஸில் கேட்கும். நான்கு டயோடு கொண்ட பாலத்தின் வழியாக நேர்மின்சாரமாகத் திருத்திய பின் மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். இது முதலாவதைவிடச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்பதோடு, கொஞ்சம் கரகரப்பாகவும் இருக்கும். அந்தப் பாலத்தில் ஒரு டயோடு அறுந்தால் 100 மறுபடி 50 ஆகிவிடும். பழகிய காது இந்த இரண்டையும் பிரித்துவிடும். ஆகவே நமக்கு வேண்டிய சொல் சுருதியுள்ள, விடாத ஒலியைக் குறிக்க வேண்டும். கடலைக் குறிக்கும் சொல் பிள்ளைகளை மறுபடியும் பழைய பிழைக்கே கொண்டுபோகும்.

ஐயாவின் பட்டியலிலேயே இமிர் இருக்கிறதே. வண்டின் ஒலிக்கு உரிய சொல் அது. வண்டின் சிறகு ஒரே சீராக அடிப்பதால்தான் அதில் சுருதி பிறக்கிறது. இமிர்வு என்பதே என் தேர்வு.

இன்னொன்று. டயோடுக்குப் பின் மிஞ்சும் அலையைக் கையேட்டில் 'சிற்றலை' என்று எழுதியிருப்பதாகக் கண்டேன். வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சிற்றலை என்றால் மத்திய அலைக்கு அடுத்த அலைவரிசை. 'குற்றலை' என்று மாற்றலாம். 4700 மைக்ரோஃபாரட் கண்டன்சரிலிருந்து ஒரு ஆம்பியர் இழுத்தால் குற்றலை ஏறத்தாழ 2 வோல்ட் வரும் என்ற கணக்கையும் சேர்த்துவிட்டால், கண்டன்சர் ஏன் அவ்வளவு பெரியது என்று பிள்ளைகள் கேட்க மாட்டார்கள்.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவொற்றியூர்

அம்மையார் கடலைப் பற்றிச் சொன்னதை நான் ஏற்கிறேன். சங்கப் புலவர் கடலையும் முரசையும் ஒரே சொல்லால் குறித்திருக்க, நான் முரசை மட்டும் மனத்தில் கொண்டு எழுதிவிட்டேன். இமிர் எனக்கு உடன்பாடு. அப்பர் தேவாரத்தில் 'மூசு வண்டறை பொய்கை' என்று வருகிறது. அங்கே வண்டின் ஒலிக்கு 'அறை' என்ற வினை ஆளப்பட்டிருக்கிறது. பறையை அறைதலும் வண்டு அறைதலும் ஒரே வினையா என்று தனி மடலில் எழுதுகிறேன். 'அறை' இன்று வீட்டின் அறைக்கும் கன்னத்தில் விடும் அறைக்கும் போய்விட்டதால் கலைச்சொல்லுக்கு ஆகாது.

உறுமலை மட்டும் ஏற்க இயலவில்லை. உறுமுவது உயிருள்ளது. நாய் உறுமும், புலி உறுமும். சினம் வந்தால் எழும், தணிந்தால் அடங்கும். உறுமிமேளத்திலும் கோலை இழுக்கும் நேரத்தில்தான் அந்த ஒலி. ஆனால் உங்கள் ஹம் பகலும் இரவும் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் நிற்பது. விடாமை என்ற இலக்கணமே அந்தச் சொல்லில் இல்லையே. எளிமை வேண்டும் என்பதற்காகப் பொருளை விட்டுக்கொடுக்கலாமா?

---

அனுப்பியவர்: மாலை வகுப்பு ஆசிரியர், கொருக்குப்பேட்டை

எல்லோருக்கும் என் நன்றி. நேற்று மாலை வகுப்பில் மேசை மேல் மூன்று செட்டுகளை வைத்தேன். ஒன்றில் கண்டன்சரின் ஒரு காலைக் கழற்றிவிட்டேன். ஒன்றில் உள்ளீட்டு ஒயரின் ஷீல்டைப் பிரித்துவிட்டேன். மூன்றாவதில் பழுது ஏதும் வைக்காமல், பாட்டு இல்லாமல் வால்யூமை முழுக்கத் திறந்து 'உஸ்' மட்டும் கேட்கும்படி செய்தேன். விளக்கம் எதுவும் சொல்லாமல், 'எது இரைகிறது, எது இமிர்கிறது, எது உறுமுகிறது?' என்று கேட்டேன். இரைவதை எல்லோரும் காட்டிவிட்டார்கள். உறுமுவது என்றதும் பெரும்பாலோர் முதல் இரண்டு செட்டுகளையும் தயங்காமல் காட்டினார்கள். இமிர்வது என்றதும் எவரும் கை நீட்டவில்லை. சிலர் காதில் அது 'திமிர்' என்று விழுந்தது. வண்டைச் சொல்லி விளக்கிய பிறகு புரிந்துகொண்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைவிளக்கு வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்து பற்றுவைக்கும் பிள்ளைக்கு அந்த விளக்கத்தைச் சொல்ல அருகில் ஆள் இருக்காது என்பதுதான் என் கவலை.

ஐயா சொன்ன விடாமைக் குறையை உறுமலில் நானும் காண்கிறேன். அதை வரையறையில் ஈடுசெய்ய முயன்றிருக்கிறேன்: 'பாட்டு இல்லாதபோதும் ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில் விடாது கேட்கும் ஒலி உறுமல், கடைகளில் இதை ஹம் என்பர்.' முதல் இடத்தில் இப்படி இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு, அடுத்து வரும் இடங்களில் உறுமல் என்று மட்டும் எழுதுகிறேன். 50-இன் உறுமல், 100-இன் உறுமல் என்று எண்ணைக் கொண்டே பிரித்திருக்கிறேன். குற்றலையை எடுத்துக்கொண்டேன். எர்த் பின்னைப் பற்றிய எச்சரிக்கை முதல் பக்கத்திலேயே இருக்கிறது. மறுப்பு இருந்தால் நாளை இரவுக்குள் எழுதுங்கள்.

---

அனுப்பியவர்: ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்காரர், வண்ணாரப்பேட்டை

மகிழ்ச்சி சார். ஒரு சிக்கலைச் சொல்ல விட்டுவிட்டேன். படகு மோட்டார் போல 'டுப் டுப் டுப்' என்று அடிக்கும் பழுது ஒன்று உண்டல்லவா? நேற்று என் கடைப் பையன் அதையும் உறுமல் என்றான். அதற்கு வேறு பெயர் வைத்தால்தான் இது தெளிவாக நிற்கும்.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவொற்றியூர்

அதற்குத் 'துடிப்பு' என்று வையுங்கள், தம்பி. அதில் எனக்குத் தடையில்லை. உறுமலுக்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது. பெரும்பான்மை அந்தப் பக்கம் இருப்பதால் கையேட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். சொல்லடைவில் உறுமலுக்கு எதிரே 'இமிர்வு' என்று ஒரு வரி போட இடம் இருக்குமானால் போடுங்கள். 'ஞிமிறு'க்கு வேறு வேரும் சொல்லலாம் போல் தோன்றுகிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

---

அனுப்பியவர்: இயற்பியல் ஆசிரியை, பெரம்பூர்

சொல்லடைவில் இமிர்வுக்கு இடம் கொடுப்பதை நானும் வேண்டுகிறேன். நீங்கள் அனுப்பிய படியை இப்போதுதான் படித்து முடித்தேன். பதினோராம் பக்கத்துப் படத்தில், ஃபில்டர் கண்டன்சரை நோக்கி வரும் அம்புக்குறியின் அருகே இன்னும் 'இரைச்சல்' என்றே இருக்கிறது. சனிக்கிழமைக்கு முன் அதைத் திருத்திவிடுங்கள்.