தரைத்தளம் காருக்கா, லேத்துக்கா? தொழிற்பேட்டை வாகன நிறுத்த விதி பற்றி ஒரு விவாதம்

பட்டறைக்காரர்

"அம்பத்தூரிலும் கிண்டியிலும் லாரிகள் சாலையை அடைத்து நிற்பதற்குத் தொழில் நடத்துபவர்களின் பேராசைதான் காரணம். தூண்களை மட்டும் நிறுத்தித் தரைத்தளம் முழுவதையும் வாகனங்களுக்கு விட்டால்தான் எந்தத் தொழிற்கூடத்துக்கும் வரைபட அனுமதி என்று விதி கொண்டுவர வேண்டும்" என்று வரைகோல் நேற்று எழுதியிருந்தார். அதற்குக் கைதட்ட ஒரு கூட்டமும் சேர்ந்துவிட்டது. கைதட்டியவர்களில் ஒருவராவது தகட்டை அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ் ஓடும் கூடத்தில் நின்று பார்த்திருப்பாரா?

என் கேள்வி ஒன்றுதான். தரைத்தளத்தைக் காருக்குக் கொடுத்துவிட்டால் இரும்பைக் கடையும் லேத்தை எங்கே வைப்பது? மாடியிலா? பிரஸ் ஓர் அடி அடித்தால் பக்கத்துச் சுவர் அதிர்கிறது. அதனால்தான் குழி வெட்டி, கான்கிரீட் போட்டு, சுற்றிலும் இடைவெளி விட்டு அதைத் தரையில் உட்காரவைக்கிறோம். அந்தக் குழியை இரண்டாம் மாடியில் எங்கே வெட்டுவது? இதைச் சொல்லிவிட்டு விதி எழுதுங்கள்.

வரைகோல்

பேராசை என்று எழுதியதை நான் திரும்பப் பெறப் போவதில்லை. இந்தத் துறையில் வரைபடம் போட்டே தலை நரைத்தவன் நான். பேட்டையில் மனை வாங்குகிறவர் முதலில் கேட்பது "எவ்வளவு கட்டலாம்" என்பதைத்தான். "லாரி எங்கே நிற்கும்" என்று யாரும் கேட்டதில்லை.

லேத் மாடி ஏறாது என்பது பழங்கதை. கட்டடம் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, அதன் இரண்டாம் பகுதியைத் திறந்து பாருங்கள். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமை என்றால், இயந்திரம் உள்ள தொழிற்கூடத் தளத்துக்கு இலகு வேலைக்கு 5, நடுத்தர வேலைக்கு 7, கனரக வேலைக்கு 10 என்று அதில் இருக்கிறது. அந்தச் சுமைக்கு ஏற்றபடி மாடியைக் கட்ட முடியும். மேலும், நிறுத்துமிடத்துக்காக விடும் தூண் தளம் எஃப்.எஸ்.ஐ. கணக்கில், அதாவது மனையின் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கில், சேராது. தரையில் விட்ட இடத்தை மேலே கட்டிக்கொள்ளலாம். உங்களுக்கு நட்டம் எங்கே வருகிறது?

பட்டறைக்காரர்

நீங்கள் சொன்ன எண்கள் தளத்தின் மேல் பரவி நிற்கும் சுமைக்கானவை. அடிக்கும் சுமைக்கு அவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் கட்டடம் நிற்காது. இயந்திர அஸ்திவாரத்துக்கென்றே ஐ.எஸ். 2974 என்று தனித் தரநிலை இருக்கிறது. அடித்து இறங்கும் இயந்திரங்களுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. அதைத் திறந்து பார்த்தீர்களா?

மேலே கட்டிக்கொள்ளலாமாம். இரும்புத் தண்டை யார் மேலே தூக்குவது? சரக்கு லிஃப்ட்டுக்கு ஒரு செலவு, மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு இன்னொரு செலவு, பழுதானால் அன்றைய உற்பத்தியும் போச்சு. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை இதைத் தாங்குமா? மறுபடியும் கேட்கிறேன். லேத்தை எங்கே வைப்பது?

கொரட்டூர்வாசி

நீங்கள் இருவரும் லேத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பேட்டைக்குள் இடம் இல்லாத வண்டிகள் எங்கள் தெருவரை வந்து நிற்கின்றன. பள்ளி விடும் நேரத்தில் லாரிக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தன. பெரிய கட்டடங்களுக்கு, வரைபடப்படி கட்டி முடித்ததாகச் சொல்லும் பணி நிறைவுச் சான்று இருந்தால்தான் மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு என்று அதில் வைத்தார்கள். மூன்று வீடுகளுக்கு மேற்படாத சிறிய குடியிருப்புகளுக்கு விலக்கு கொடுத்தது நியாயம். அதே வரியில் எல்லா வகைத் தொழிற்கூடங்களுக்கும் விலக்கு கொடுத்ததற்கு என்ன நியாயம்? வரைபடத்தில் நிறுத்துமிடம் என்று காட்டிய இடம் ஆறே மாதத்தில் கிடங்காகிவிட்டால், வந்து பார்க்கப் போவது யார்? விதி கடுமையா, இளகியதா என்பது அப்புறம். இருக்கும் விதியையே யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் வழக்கு.

வரைகோல்

அம்மா சொல்வது முற்றிலும் சரி. அதனால்தான் தூண் தளம் வேண்டும் என்கிறேன். திறந்த தூண் தளத்தில் சுவர் எழுப்பினால் தெருவில் போகிறவருக்கே தெரியும்.

கொரட்டூர்வாசி

நான் உங்கள் பக்கம் பேசவில்லை. தெருவில் போகிற எனக்குத் தெரிந்து என்ன பயன்? புகார் மனு கொடுத்து அலைந்த களைப்பு எனக்குத்தான் தெரியும்.

பத்து டயர்

லாரிக்காரன் பக்கத்தை ஒருவராவது கேட்டீர்களா? காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று கட்டம் போடுகிறீர்கள். நாற்பது அடி கண்டெய்னர் பெட்டியே 12.2 மீட்டர் நீளம். அதை இழுக்கும் வண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூண்களுக்கு நடுவே அது எப்படித் திரும்பும்? தூண் தளத்தின் உயரம் என்ன? காருக்கு ஏற்ற உயரத்தில் கூரை போட்டுவிட்டு லாரியை உள்ளே வா என்றால் பெட்டி இடிக்கும்.

நாங்கள் ஆசைப்பட்டா வெளியே நிற்கிறோம்? சரக்கு வாங்கும் பிரிவு காலையில்தான் திறக்கும். நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் இரவிலேயே வந்து சேர்ந்துவிடுகிறோம். வாயிற்கதவு திறக்கும்வரை சாலைதான் வீடு. கழிப்பறை கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. உள்ளே இடம் காலியாக இருந்தாலும் காவலாளி விடமாட்டார். இதற்கு எந்த விதி இருக்கிறது?

பட்டறைக்காரர்

பத்து டயர் அண்ணன் என் வாதத்தையே சொல்லிவிட்டார். அம்பத்தூர்ப் பேட்டை 1960களில் அமைந்தது. கிண்டி அதற்கும் முன்னால், 1958. இந்தியாவுக்குக் கண்டெய்னர் வந்ததே 1973இல், கொச்சித் துறைமுகத்தில். அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்க்காதவர்கள் போட்ட சாலை அது. சாலையின் குறைக்கு என் தரைத்தளத்தைப் பிடுங்குவது என்ன நியாயம்?

இன்னொன்று. என் தொழிலாளர்களில் கார் வைத்திருப்பவர் யார்? பாதிப் பேர் பட்டரவாக்கம் நிலையத்தில் ரயில் இறங்கி நடந்து வருகிறார்கள், மீதிப் பேர் பைக். இருசக்கர வாகனத்துக்கு 1.8 சதுர மீட்டர் போதும். ஒரு கார் கட்டத்துக்குள் ஆறு பைக் நிற்கும். யாருக்காக இந்தக் கார் கட்டம்? பேட்டைக்குள் ஐ.டி. கட்டடம் கட்டினார்களே, அவர்களுக்காகவா? தொழிலுக்கென்று ஒதுக்கிய மனையில் கண்ணாடிக் கட்டடத்தை விட்டதே முதல் தவறு. கார்கள் அங்கேதான் வருகின்றன. கணக்கை மட்டும் எங்கள் தலையில் எழுதுகிறார்கள்.

கிண்டி மென்பொருளாளர்

எல்லாவற்றுக்கும் ஐ.டி. மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. எங்கள் கட்டடத்தில் தரைக்குக் கீழே இரண்டு அடித்தளங்கள் முழுவதும் நிறுத்துமிடம்தான். சாலையில் நிற்பவை உங்கள் டெம்போக்கள். மூடிக் கிடந்த ஆலைகளின் இடத்தில்தான் நாங்கள் வந்தோம். நாங்கள் வராவிட்டால் அங்கே புதர் மண்டியிருக்கும்.

பட்டறைக்காரர்

ஆலை ஏன் மூடியது என்று கேட்டீர்களா? பக்கத்து மனையின் விலையை நீங்கள் ஏற்றிவிட்ட பிறகு வாடகைக்கு இருந்த பட்டறை எப்படித் தாங்கும்? அடித்தளம் தோண்டும் பணம் உங்களுக்கு இருக்கிறது. நாலு கிரவுண்டில் ஷெட் போட்டவனிடம் அது இல்லை. லேத்தை அடித்தளத்தில் வைக்கச் சொல்வீர்களோ?

சிங்கைத் தொழிலாளி

இங்கே சிங்கப்பூரில் ஜே.டி.சி. என்ற அரசு அமைப்பு கட்டிய அடுக்குமாடித் தொழிற்கூடங்களில் சாய்தளம் வழியாக லாரி ஒவ்வொரு தளத்துக்கும் ஏறிப் போகிறது. கதவுக்கு எதிரிலேயே சரக்கு இறக்குகிறோம். எந்திரம் வைத்த பட்டறைகள் மேல் தளங்களில் நன்றாகவே ஓடுகின்றன. மனம் இருந்தால் முடியும்.

வரைகோல்

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். பட்டறைக்காரரே, படித்துவிட்டீர்களா? எந்திரம் மேல் தளத்தில் ஓடுகிறது. உங்கள் ஒரே கேள்விக்கு உலகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

பட்டறைக்காரர்

சிங்கைத் தம்பி, அங்கே நிலமும் கட்டடமும் யாருடையது? அரசு அமைப்பே கட்டி வாடகைக்கு விடுகிறது. சாய்தளத்துக்குப் போன இடம் எவ்வளவு, அந்தச் செலவை யார் போட்டார்கள்? என் மனையில் லாரி ஏறும் சாய்தளம் போட்டால் சாய்தளம் மட்டும்தான் மிஞ்சும். உங்கள் பட்டறையில் என்ன எந்திரம்? நூறு டன் பிரஸ்ஸா, கணினி இயக்கும் சிறிய சி.என்.சி.யா? அதைச் சொல்லுங்கள்.

சிங்கைத் தொழிலாளி

தம்பி என்று அழைக்க வேண்டாம். எனக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. எங்களிடம் இருப்பது சி.என்.சி. அதனால் என்ன?

பட்டறைக்காரர்

அதனால்தான் எல்லாம். சி.என்.சி. அடிக்காது, பிரஸ் அடிக்கும். வயதைக் குறைத்துச் சொன்னதற்கு யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

கோவைக்காரர்

சென்னையில் மட்டும்தான் தொழில் நடக்கிறது என்ற நினைப்பு இந்த இழை முழுவதும் தெரிகிறது. பம்பும் மோட்டாரும் செய்யும் எங்கள் ஊரில் வீட்டுப் பின்கட்டில் லேத் ஓடும் தெருக்கள் உண்டு. சிறுதொழில்களுக்காக அரசின் சிட்கோ நிறுவனம் அமைத்த குறிச்சிப் பேட்டையில் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகின்றன. அங்கேயும் தூண் தளம் என்று விதி வந்தால் வார்ப்பாலைக்காரர் உலையை மாடியில் வைப்பாரா? வரைகோல் கோவைக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

வரைகோல்

உலை வைக்கும் ஆலைக்கு விலக்கு கொடுக்கலாம். நான் சொன்னது பொதுவான தொழிற்கூடங்களுக்கு. கோவைக்கு நான் வராமல் இல்லை. அங்கே வண்டிகள் வழிவிடுவதையும் பார்த்தேன், வழிவிடாமல் சண்டை போடுவதையும் பார்த்தேன்.

பட்டறைக்காரர்

விலக்கா? நேற்று "எந்தத் தொழிற்கூடத்துக்கும்" என்று எழுதியவர் இன்று விலக்கு என்கிறார். உலைக்கு விலக்கு உண்டென்றால் பிரஸ்ஸுக்கு ஏன் இல்லை? பிரஸ்ஸுக்கு உண்டென்றால் லேத்துக்கு ஏன் இல்லை? 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தபோதும் இதே வரைகோல் "சிறு தொழில்கள் தாங்கிக்கொள்ளும்" என்று எழுதினார். அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் எத்தனை ஷட்டர்கள் இறங்கின என்பது எனக்குத் தெரியும். அதை நான் மறக்கவில்லை.

வரைகோல்

மின்கட்டணத்தை இங்கே இழுப்பது ஏன்? சொல்ல வாதம் இல்லாததால்தான். நான் அன்று எழுதியதை முழுவதும் எடுத்துப் போடுங்கள், பாதியை வெட்டாமல்.

பத்து டயர்

மின்கட்டணம் இருக்கட்டும். மாதவரத்தில் லாரி முனையம் இருப்பதுபோல ஒவ்வொரு பெரிய பேட்டைக்கும் பொதுவாக ஒரு நிறுத்துமிடம், கழிப்பறையோடு, என்று நான் பலமுறை எழுதிவிட்டேன். தரைத்தளமும் வேண்டாம், மாடியும் வேண்டாம். சாலைகளும் பொது இடமும் பேட்டையை அமைத்தவர்களின் பொறுப்பு. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கொரட்டூர்வாசி

பணி நிறைவுச் சான்று விலக்கு பற்றி நான் கேட்டதற்கும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பட்டறைக்காரரே, நேராகக் கேட்கிறேன். உங்கள் வரைபடத்தில் காட்டிய நிறுத்துமிடம் இன்று நிறுத்துமிடமாக இருக்கிறதா?

பட்டறைக்காரர்

அம்மா, என் வரைபடம் 2019க்கு மிகவும் முந்தையது. அன்றைய விதிப்படி கட்டினேன், அன்றைய அதிகாரி வந்து பார்த்தார். முன்புறம் விட்ட இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. ஓரமாக இரும்புத் தண்டுகள் இருக்கின்றன, மறைக்கவில்லை. லாரி வரும் நாளில் ஒதுக்கி வைக்கிறோம்.

வரைகோல்

நிறுத்துமிடத்தில் இரும்புத் தண்டுகள். இதற்கு மேல் நான் நிரூபிக்க என்ன இருக்கிறது?

பட்டறைக்காரர்

நிறைய இருக்கிறது. நூறு டன் பிரஸ் இரண்டாம் மாடியில் ஓடும் கட்டடம் ஒன்றைத் தமிழ்நாட்டில் காட்டுங்கள். முகவரி வேண்டாம், ஊர் மட்டும் போதும். நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

வரைகோல்

முதலில் தண்டுகளை எடுத்துவிட்டு லாரியை உள்ளே விடுங்கள். ஊர் சொல்கிறேன்.

பட்டறைக்காரர்

ஊர் தெரியாது என்பதைச் சுற்றிச் சுற்றிச் சொல்லத் தேவையில்லை. தெரிந்திருந்தால் நேற்றே எழுதியிருப்பீர்கள்.