கோழிக் காய்ச்சல் மனுசருக்குள்ள ஏன் பரவறதில்லீங்க?

பல்லடத்தான்: நாமக்கல், பல்லடம் பண்ணைகள்ல எந்நேரமும் எச்5என்1ங்கற கோழிக் காய்ச்சல் கிருமி பயந்தானுங்க. கோழியைக் கொத்துக்கொத்தாச் சாய்க்கிற கிருமி மனுசருக்குள்ள ஏன் ஓடலை? கொல்ற கிருமி நாளாவட்டத்துல சாதுவாயிரும்ங்கறாங்களே?

நுண்ணோக்கி: பூட்டு சாவிக் கணக்குங்க. பறவை ஃப்ளூ ஒட்டுற ஏற்பி, அதாவது செல்லு மேல இருக்கற பூட்டு, ஆல்ஃபா 2,3ங்கற வகை. நமக்கு அது நுரையீரல் அடியிலதான் அதிகம். மூக்கு, தொண்டையில இருக்கறது ஆல்ஃபா 2,6. அதனால வந்தா நிமோனியா கடுமை, இருமி அடுத்தவருக்குத் தொத்தறது அபூர்வம். 1997 ஹாங்காங்குல 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தாங்க, அந்தப் பரவல் அதோட நின்னுது. ஆனா ஃப்ளூவோட மரபணு 8 துண்டு. ஒரே பன்றி செல்லுக்குள்ள ரெண்டு வகை புகுந்தா துண்டு மாத்திக்கும். 2009ல வந்த எச்1என்1 பன்றிக் காய்ச்சல் அப்படிக் கலந்ததுதான்.

"சாதுவாயிரும்"ங்கறது நம்பிக்கை, விதி இல்லீங்க. பெரியம்மையோட கடுமையான வகை கடைசிவரைக்கும் பத்துல மூணு பேரைக் கொன்னுச்சு. சாகறதுக்குள்ள பரவிட்டா கிருமிக்கு நட்டமில்லை.

கால்நடைக்காரன்: பண்ணை வாசல்ல கால்குளியல் மருந்து வெச்சா மட்டும் பத்தாதுங்க. எச்சம் ஒட்டுன செருப்போட இறங்குனா மருந்துல இருக்கற குளோரின் அந்த எச்சத்துலயே தீர்ந்துரும். முதல்ல தேய்ச்சுக் கழுவோணும், அப்புறம் மருந்துல முக்கோணும். கறி நடுவுல 70 டிகிரி சூடேறுனா கிருமி மிஞ்சாது.