மூடிய பாட்டிலுக்குள் தண்ணீர் என்ன செய்கிறது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஆறாம் வகுப்பு ஆசிரியை, மணப்பாறை:
நீர்ச்சுழற்சி பாடத்துக்காகப் பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலில் கால்வாசி தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி வெயிலில் வைத்தோம். மதியத்துக்குள் உள்பக்கம் முத்து முத்தாக நீர். ஆனால் மட்டத்துக்குப் போட்ட கோட்டிலிருந்து தண்ணீர் இறங்கியதே தெரியவில்லை. "அப்ப ஆவியாகறது நின்னுடுச்சா டீச்சர்?" என்றான் ஒரு பையன். எவ்வளவு நல்ல கேள்வி! நிற்கவே இல்லை. காற்றில் ஈரம் நிறைந்த பிறகும் நீர் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அதே வேகத்தில் ஆவியும் நீராகத் திரும்பும். வரவும் செலவும் சமம். காலையிலும் மாலையிலும் தராசில் வைத்தோம், எடை மாறவில்லை. மூடிமேல் ஐஸ் வைத்ததும் துளிகள் அங்கே திரண்டன. எந்த இடம் குளிர்ச்சியோ, அங்கேதான் நீர் சேரும்.

நாட்டு விதை சேகரிப்பவர், ஒட்டன்சத்திரம்:
டீச்சரம்மா சொன்ன கடைசி வரியை நாங்கள் தினமும் பார்க்கிறோம். காய்ந்ததாகத் தெரியும் தக்காளி விதையைக் கண்ணாடி பாட்டிலில் மூடி, சற்று நேரம் வெயில் காட்டுவேன். உள்ளே மங்கினால் மறுபடி நிழலில் உலர்த்தல்தான். விதைச் சான்றளிப்புத் தரத்தைப் பாருங்கள்: தக்காளி விதைக்குச் சாதாரணப் பையில் 8 சதவீத ஈரம் வரை விடுகிறார்கள், ஈரம் புகாத உறை என்றால் 6 சதவீதம்தான். துணிப்பையில் ஈரம் வெளியேற வழியுண்டு. டப்பாவில் இல்லை, பூஞ்சை பிடித்துவிடும்.

இன்னொன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 10 டிகிரியில் 9 கிராம்தான். வெளிக்காற்று குளிர்ந்த விதையைத் தொட்டால் மிச்ச ஈரமெல்லாம் விதைமேல் இறங்கும். டப்பாவின் சில்லிப்பு போன பிறகே திறப்பேன்.

கண்ணாடி ஜாடியில் செடி வளர்ப்பவர், குன்னூர்:
என் ஜாடியில் பெரணியும் பாசியும் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றுவது மிக அபூர்வம். லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு 1829இல் கூட்டுப்புழுவுக்காக மூடி வைத்த பாட்டிலின் ஈரமண்ணில் பெரணி தானாக முளைத்தது. அதை வைத்தே கண்ணாடிப் பெட்டிகள் செய்து, 1833இல் செடிகளைக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன!

எனக்குக் காலையில் ஜன்னல் பக்கக் கண்ணாடி மட்டும் மங்கியிருக்கும். இரவில் அந்தப் பக்கம்தான் அதிகம் குளிர்கிறது. வெயில் ஏறியதும் தெளிந்துவிடும். உங்கள் ஜாடி நாள் முழுக்கத் தெளியாமல் இருந்தால் உள்ளே தண்ணீர் அதிகம். மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள், போதும்.