அகதி விசாரணையில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறீர்களா? அனுபவம் சொல்லுங்கள்

வளசரவாக்கம் வாசி:
எங்கள் மாடியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் குடியிருக்கிறார். டொரொண்டோவில் அவர் தம்பியின் அகதி வழக்கு. சாட்சி அக்காதான். வீடியோவில் விசாரணை, லேப்டாப் என்னுடையது. "தம்பியை எப்போது பிடித்தார்கள்?" அக்கா யோசிக்கவே இல்லை: "ஆடிப்பூரத்துக்கு அடுத்த நாள்." மொழிபெயர்ப்பாளர் 'ஜூலை' என்று முடித்துவிட்டார். தம்பி படிவத்தில் எழுதியதோ ஆகஸ்ட். ஆடி ஆகஸ்ட் நடுவரை ஓடும் என்று அங்கே யார் கண்டார்கள்? பத்து நிமிடம் ஜூலையா ஆகஸ்டா என்றே போனது. அக்கா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பழைய பஞ்சாங்கம் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

சட்டம் படித்தவன்:
கல்லூரியில் மாதிரி விசாரணைப் பயிற்சி. நான்தான் முடிவெடுப்பவன். அகதியாக நடித்த பெண் தரையைப் பார்த்தே பேசினார். 'நம்பகத்தன்மை இல்லை' என்று எழுதினேன். பயிற்சியாளர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க அத்தை போலீஸ்காரரைக் கண்ணுக்கு நேரா பார்த்துப் பேசுவாங்களா?" என்றார். வகுப்பே சிரித்தது.

மண்டபம் முகாம்:
கண்ணைப் பார்க்காதவர் எல்லாரும் உண்மை பேசுகிறார்கள் என்றும் ஆகிவிடாது, தம்பி. தேதியையும் கேட்கத்தான் வேண்டும். அது இருக்கட்டும், இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்தே போடவில்லை. எங்களுக்கு ஏது விசாரணை? 1990-இல் கரை இறங்கினோம். பெயர், ஊர், படகில் எத்தனை பேர், அவ்வளவுதான். அப்பா மட்டும் யாரும் கேட்காமலே வீட்டுச் சாவியை மேசையில் வைத்தார். அதிகாரி அதை அவர் பக்கமே தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

குரோம்பேட்டை:
லண்டனில் படித்தபோது பகுதிநேரமாக மொழிபெயர்த்தேன். "ஆமிக்காரரோட கதைச்சனான்" என்றார் ஒருவர். நான் சென்னைக்காரன், 'கதை சொன்னேன்' என்று மாற்றிவிட்டேன். பேசினேன் என்ற பொருள் இரண்டு கேள்வி கழித்துத்தான் உறைத்தது. திருத்தினேன். ஆனால் அதிகாரியின் பேனா ஏற்கெனவே ஓடி முடிந்திருந்தது.

மண்டபம் ஐயா, தேதி கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஐ.நா. அகதிகள் அமைப்பின் 1979 கையேடு என்ன சொல்கிறது? நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பித்தவருடையதுதான். ஆனால் உண்மைகளைத் தேடி எடைபோடும் வேலையில் விசாரிப்பவருக்கும் பங்கு உண்டு. கிடைத்த ஆதாரமெல்லாம் பார்த்தபின், ஆள் பொதுவாக நம்பத்தக்கவர் என்றால், மீதிச் சந்தேகத்தின் பலன் அவருக்கே. கனடாவில் நம்பகத்தன்மை கேள்வியாகும்போது நேரில் கேட்டாக வேண்டும் என்று 1985-இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வளசரவாக்கம், அடுத்த முறை இருந்தால்: இலங்கைத் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீல் மூலம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பண்டிகைக் கணக்கில் சொன்னால் அப்படியே பதியச் சொல்லுங்கள், மாதமாக்க வேண்டாம். தளர்ந்துபோனால் இடைவேளை கேட்கலாம், வக்கீலே முதலில் கேள்வி கேட்கவும் அனுமதி கோரலாம். அப்புறம், அக்காவுக்குப் பதில்களை மனப்பாடம் பண்ணவைக்காதீர்கள், தயவுசெய்து.

வளசரவாக்கம் வாசி:
நான் அறிவுரை கேட்கவில்லை, பரவாயில்லை. அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினேன். அடுத்த நாள் இல்லையாம், முந்தின நாளாம். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன் என்கிறார்.