மணலில் ஓட்ட டயர் காற்றழுத்தம் 12 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) எல்லா வண்டிக்கும் பொருந்துமா?

மணல்மேடு:
மணல்ல இறங்கறதுக்கு முன்னாடியே நாலு டயரையும் 12-க்குக் கொண்டு வந்துடுங்க. 18, 16-னு படிப்படியா இறக்கறவங்க, வண்டி அச்சு வரைக்கும் புதைஞ்ச பிறகுதான் வால்வைத் திறக்கறாங்க. காத்து குறைஞ்சா டயர் தரையில பதியற தடம் நீளமாகும், எடை பரவும். மணலைத் தோண்டாம மேலோட போகும்.

அச்சாணி:
தடம் நீளும்ங்கறதுல சண்டை இல்லண்ணா. ஆனா டயரை ரிம்மோட இறுக்கிப் பிடிச்சிருக்கறதே உள்ள இருக்கற காத்துதான். நான் 11-ல வச்சுக்கிட்டு ஸ்டியரிங்கை வெடுக்குன்னு ஒடிச்சேன். முன்பக்க டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடுச்சு. ஜாக்கி வச்சா அதுவும் புதையுது, அடியில பலகை கொடுத்துத் தூக்கறதுக்குள்ள இருட்டிடுச்சு. 18-ல ஆரம்பிங்க. வண்டி திணறினா ரெண்டு ரெண்டா இறக்குங்க.

மணல்மேடு:
அது நீங்க ஒடிச்ச வேகத்தால வந்தது. 12-ல மெதுவாப் போகணும், திருப்பம் அகலமா எடுக்கணும்.

அச்சாணி:
முதல் தடவை வர்றவருக்கு அந்தப் பக்குவம் இருக்குமா? மேட்டுல குறுக்கா சரியும்போது யாரா இருந்தாலும் பதறி ஒடிக்கத்தான் செய்வாங்க.

கல்லுப்பாதை:
ரெண்டு பேருமே டயரோட உயரத்தைச் சொல்லலையே! 75 புரொஃபைல்ல, அதாவது பக்கச்சுவர் உயரம் டயர் அகலத்துல 75 சதவீதம் இருந்தா, ரிம்முக்குக் கீழ ரப்பர் நிறைய இருக்கு. 55-ல 12 வச்சா ஒரு கல்லு போதும், ரிம் நசுங்கிடும். சாமான் ஏத்தின வண்டிக்குப் பின்பக்கம் கொஞ்சம் கூடவே வேணும். கூர்கல் பாதையில ரொம்ப இறக்கினா பக்கச்சுவர் பிதுங்கி நிக்கும், கிழியறது அங்கதான். அந்த இடத்துல பஞ்சர் ஒட்டி நம்பி ஓட்ட முடியாது. இன்னொண்ணு, டயர் ஆறினப்போ அளந்து பாருங்க. ஓடிச் சூடானா கேஜ் கூடுதலாக் காட்டும், அதைப் பார்த்து இறக்கினா நினைச்சதைவிடக் கீழ போயிடும்.

மணல்மேடு:
என்னோடது 75 புரொஃபைல், பாரமும் ஏத்தறதில்ல. அதனால 12 எனக்கு ஒத்துவருது, எல்லாருக்கும்னு சொன்னது தப்புதான். ஆனா முன்கூட்டியே இறக்கணும்ங்கறதை விட மாட்டேன். மத்தவங்க மணல் தொடங்கற இடத்துலயே 16-க்கு இறக்கிடுங்க.

அச்சாணி:
உயரமான டயருக்கு 16-னா எனக்கும் சம்மதம். திரும்ப நிரப்பக் கம்ப்ரஸர் இருக்கணும். அதே காத்தோட தார் ரோட்டுல வேகமெடுத்தா பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயரே பிரிஞ்சு போகும். கம்ப்ரஸர் இல்லாத வண்டியை நான் மணல்ல இறக்க விடமாட்டேன்.